தொண்ணூற்றொன்பது மார்க் கைகள்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே டாக்டர் கனகசபை வரவேற்றார், இருபதடி ஃபிளெக்ஸில். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். விரல்களில் நாலு மோதிரம். கீழே கொட்டை எழுத்தில், 'எலெக்ட்ரானிக் கண்காணிப்பில் கைச் சுத்தம் 99 சதவீதம்! நலம்தரு மருத்துவமனை' என்று அடித்திருந்தார்கள்.

"மீதி ஒரு பர்சென்ட் எங்க மேடம் போச்சு?" என்றான் இக்பால்.

"அதப் புடிக்கத்தான் நம்மளக் கூப்புட்டிருக்காரு. நட" என்றாள் சொர்ணம்.

சொர்ணம் புதுக்கோட்டையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். போலீஸில் ஏட்டாக இருந்து, மேலதிகாரிகளின் அறிவைத் தாங்க முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கியவள். இக்பால் அவளுக்கு உதவியாளன், பைக் ஓட்டி, ஆபீஸுக்கு ஒரே ஊழியன். பைக் பட்டறையில் கிடந்ததால் இன்று பஸ். வழியெல்லாம் ஐப்பசி மழை, ஜன்னல் ஷட்டர் வேறு மூடவில்லை. இருவரும் நனைந்த பாதியும் காய்ந்த பாதியுமாக மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள்.

ஃபிளெக்ஸில் சிரித்தவர் நேரில் கை குலுக்கினார். குலுக்கிய கையாலேயே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்து இக்பாலிடம் நீட்டினார். அவன் மறுக்கவில்லை. ஓசி பிஸ்கட்டை மறுத்த சரித்திரம் அவனுக்கு இல்லை.

"விஷயம் சிம்பிள். குற்றவாளி ரெடி, ஆதாரம் ரெடி. நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் டாக்டர்.

"அப்ப டைப்பிஸ்டத்தான் சார் கூப்புட்டிருக்கணும்" என்றான் இக்பால்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்துபோய் வரவேற்பறையில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யைக் காட்டினார். கிரிக்கெட் ஓடும் என்று பார்த்தால், ஊழியர்களின் பெயர்களும் மார்க்குகளும் ஓடின. இந்த ஆஸ்பத்திரியில் எல்லோர் சட்டையிலும் ஒரு பேட்ஜ். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு ஜெல் பெட்டி. முழங்கையால் கட்டையை அழுத்தினால் கையில் ஜெல் விழும், பெட்டியின் கண் கையைப் பார்க்கும், பேட்ஜில் பச்சை எரியும். உள்ளே போகும்போதும் கழுவ வேண்டும், வெளியே வரும்போதும் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பேட்ஜ் சிவப்பாகிக் கீச்சென்று கத்தும், கணக்கு டி.வி.யில் ஏறும்.

பட்டியலில் முதல் பெயர் கனகசபை, 100. அடுத்தடுத்து எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர், பாசிலா, 61.

"இவதான்" என்றார் டாக்டர். "ஆபரேஷன் ஆன நாலு பேருக்குப் புண்ணு சீழ் வச்சிருக்கு. நாலு பேரும் இவ பாக்கற நாலாம் நம்பர் ரூம்லதான் கெடக்கறாங்க. மெஷின் பொய் சொல்லாது."

"மெஷினே சொல்லிட்டா, நான் எதுக்கு?" என்றாள் சொர்ணம்.

"அந்த நாலு பேர்ல ஒருத்தரு வல்லத்திராக்கோட்டை பெரியகருப்பன். அவரு மகன் ஊரத் தெரட்டிக்கிட்டு சாயங்காலம் வர்றான். மெஷின் சொல்லுதுன்னா அவனுங்க கேக்கமாட்டாங்க. துப்பறியற அம்மா சொன்னா கேப்பாங்க. அவங்க முன்னாடி பாசிலா, 'என் கவனக்குறைவுதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வேலைய விட்டுப் போகணும். மாட்டேன்னா நர்சிங் கவுன்சிலுக்குப் புகார். அப்புறம் அவ எந்த ஆஸ்பத்திரியிலயும் ஊசி புடிக்க முடியாது."

சொர்ணம் அவருடைய மோதிரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பார்வையாளர் பேட்ஜ் இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாலாம் அறைக்குப் போகும் வழியில், எதிரே வந்த நர்ஸ் ஒருத்தி சுவரை ஒட்டி ஒதுங்கினாள்.

"அங்கிட்டுப் போகாதீங்க மேடம். ராசியில்லாத ரூமு. உள்ள கால வச்சாலே பேட்ஜு செவப்பாயிரும். நாங்கள்லாம் போறதே இல்ல."

"டாக்டரு?"

"அவரு வாசப்படியிலயே நின்னு வெசாரிச்சுட்டுப் போயிருவாரு."

இக்பால் சிரித்தான். "பேய்க்குப் பயந்து பாத்திருக்கேன் மேடம். மார்க்குக்குப் பயந்து ஒரு ரூமையே ஒதுக்கிவச்சது இங்கதான்."

பாசிலா எட்டுக் கட்டில்களுக்கு நடுவில் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒருவருக்குக் குளுக்கோஸ் மாற்றிக்கொண்டே இன்னொருவருக்குப் பதில் சொன்னாள். முப்பது வயதிருக்கும். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீ கை கழுவுறதே இல்லையாம்ல?" என்றாள் சொர்ணம்.

"பத்துக்கு ஆறு தடவ கழுவுறேன் மேடம். பொய் சொல்ல மாட்டேன். மீதி நாலு தடவ ஓடுறேன். ஒரு பக்கம் ஒருத்தரு வாந்தி எடுக்கயில, வாசலுக்குப் போயி ஜெல்லு போட்டுட்டு வாரேன்னு எப்டிச் சொல்றது?"

"மத்தவங்க நூத்துக்கு நூறு வாங்குறாங்களே?"

"அதான் மேடம் எனக்கும் வெளங்கல. அவங்களும் என்ன மாதிரிதான ஓடுறாங்க." கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், கையுறை போட்டிருப்பது நினைவுக்கு வந்து தோளிலேயே துடைத்துக்கொண்டாள். "வேலை போனாக்கூடப் போவட்டும். எம் மக மிஸ்பாவோட வாப்பா மஸ்கட்ல இருந்து அனுப்புறத வச்சுச் சமாளிச்சுக்குவேன். ஆனா நாலு பேரு புண்ணு என்னாலதான்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. செய்யாத பாவத்த எப்டி மேடம் என் கையாலயே எழுதுவேன்?"

இக்பாலுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடம் அவளைக் கைவிட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

மூலைக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏத்தா, யாரு நீங்க? இந்தப் புள்ளையவா வெசாரிக்க வந்திருக்கீக?"

பெரியகருப்பன். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட விவசாயி. ஆள் வாடியிருந்தாலும் குரல் வாடவில்லை.

"ஒங்களுக்கு இந்த ரூம்லதான புண்ணு சீழ் வச்சுச்சு?" என்றாள் சொர்ணம்.

"யாரு சொன்னா? நான் ரெண்டாம் ரூம்ல கெடந்தேன். அங்கனயே சீழ் வச்சுருச்சு. அதுக்குப் பெறவுதான் இங்கிட்டுத் தள்ளிவிட்டாக. பக்கத்துக் கட்டுலு ஆளு ஒண்ணாம் ரூமு. அந்தா ரெண்டு பேரும் மூணாம் ரூமு. எல்லாம் கெட்டுப்போன பெறவு வந்த சரக்குதேன்."

"நாள்பட்ட மீன ஐஸ் பொட்டியில தள்ளிட்டு, பொட்டிதான் நாறுதுன்னு சொன்ன கதையால்ல இருக்கு" என்று முணுமுணுத்தான் இக்பால்.

"ரெண்டாம் ரூம்ல ஒங்க கட்டப் பிரிச்சுப் பாத்தது யாரு?"

"பெரிய டாக்டருதேன். கையொறைய மாட்டுனாரு, மோதரத்துல சிக்கிக் கிழிஞ்சுபோச்சு. கழட்டி எறிஞ்சுட்டு வெறுங்கையாலதேன் அமுக்கிப் பாத்தாரு. அந்தப் பச்சக் கல்லு மோதரம் சுருக்குன்னு குத்துச்சு. டாக்டரு குத்துனா அதுவும் வைத்தியந்தேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

இக்பால் தன் வலது கையை ஒருமுறை பார்த்தான். காலையில் அதே கையைத்தான் குலுக்கினான், அதே கை எடுத்துக் கொடுத்த பிஸ்கட்டைத்தான் தின்றான். வராந்தாக் குழாயடிக்கு ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது சொர்ணம் ஒரு முடிவோடு நின்றிருந்தாள். "இக்பாலு, எதுத்த கடையில போயி வடை சாப்புடு."

"மேடம்?"

"சட்னியோட. கையத் தொடைக்காத. அப்புடியே வா."

துப்பறியும் தொழிலில் இப்படியும் ஒரு கட்டளை வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்ச நேரத்தில் விரலெல்லாம் எண்ணெயும் சட்னியுமாக வந்து நின்றான். சொர்ணம் பார்வையாளர் பேட்ஜை அப்போதுதான் ஆன் செய்து அவன் சட்டையில் குத்தினாள்.

"ஒண்ணாம் ரூமுக்குள்ள போ. பெட்டியத் தொடாத. உள்ள எதையும் தொடாத. போயிட்டு வா."

போனான். வாசலைத் தாண்டும்போதே பேட்ஜில் பச்சை எரிந்தது. திரும்பி வந்தான், மறுபடியும் பச்சை. இரண்டாம் அறையிலும் பச்சை. மூன்றாம் அறையிலும் பச்சை.

நாலாம் அறை வாசலில் கால் வைத்ததும் பேட்ஜ் சிவந்து கீச்சென்று கத்தியது. பெரியகருப்பன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து, அந்தப் பெட்டியில ஜெல்லு எடு" என்றாள் சொர்ணம். இக்பால் குழாயடிக்குப் போய் வந்து முழங்கையால் கட்டையை அழுத்தினான். ஜெல் விழுந்தது, பச்சை எரிந்தது.

"ராசியில்லாத ரூமு மெஷினு ஒழுங்காத்தான் வேலை பாக்குது. ராசியான ரூமுங்கள்லதான் வடை தின்ன கைக்கு மார்க்கு விழுது" என்றாள் சொர்ணம்.

"டி.வி.யப் பாருங்க மேடம். 'விருந்தினர் 2' எண்பத்தஞ்சத் தாண்டி நிக்கிறான். எங்க கணக்கு வாத்தியாரு பாத்தா மயங்கி விழுந்திருவாரு."

சொர்ணம் இரண்டாம் அறை வாசலுக்குப் போய் ஜெல் பெட்டியின் முன்னால் குனிந்தாள். பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. முழங்கையால் அழுத்தும் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை பின்னி, குடும்பத்தோடு குடியிருந்தது. கட்டையை யாராவது ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தாலும் அந்த வீடு நின்றிருக்காது.

"நூத்துக்கு நூறு கழுவுற ஆஸ்பத்திரியில சிலந்திக்கு நிரந்தர முகவரி" என்றான் இக்பால்.

"சரி, யாரோ வேணும்னே மெஷினக் கெடுத்திருக்கணும். டாக்டரோட ஆளா இருக்குமோ?" என்று தொடர்ந்தான். "சாஃப்ட்வேர்ல கைய வச்சிருப்பாங்க மேடம். ஹேக்கிங்!"

"ஒனக்கு ஹேக்கிங் வேணும்னா சினிமாவுக்குப் போ. இந்த ஆஸ்பத்திரியில பொட்டு இல்லாத சாமான் ஏதாவது ஒண்ணு காட்டு, பாப்போம்."

இக்பால் விழித்தான். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தான். ஈ.சி.ஜி. மெஷினில் சந்தனமும் குங்குமமும். ஸ்ட்ரெச்சரில் பொட்டு. லிஃப்டில் மூன்று பொட்டு. மருந்து ஃபிரிட்ஜில் பட்டையே போட்டிருந்தது. போன மாதம் ஆயுத பூஜைக்கு வைத்தது, யாரும் அழிக்கவில்லை. நம் ஊரில் பூஜைப் பொட்டை யாரும் அழிப்பதில்லை. தானாக உதிரும் வரை அதைச் சுற்றித்தான் துடைப்பார்கள். ஊர் முழுக்க இருப்பதை எவன் உற்றுப் பார்க்கிறான்?

ஒன்று, இரண்டு, மூன்று ஜெல் பெட்டிகளிலும் பொட்டு இருந்தது. ஓடிப்போய் நாலாம் பெட்டியைப் பார்த்தான். வெறும் பெட்டி.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம்! பாசிலா ரூம் பொட்டியில மட்டும் இல்ல!"

"மத்த மூணுலயும் எங்க வச்சிருக்காங்கன்னு பாரு."

இக்பால் மறுபடியும் குனிந்து பார்த்தான். கையைப் பார்க்க வேண்டிய கண்ணாடிக் கண்ணின் மேலேயே, கெட்டியாக, காய்ந்த சந்தனம். கண்ணை அடைத்துக்கொண்டு எப்போதும் எதிரில் ஏதோ இருந்தால் மெஷின் என்ன செய்யும்? கை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் யார் பேட்ஜோடு போனாலும், கழுவிவிட்டார் என்று பச்சை போட்டுவிடும்.

எலெக்ட்ரீஷியன் திருப்பதியைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியின் பூஜை வேலையெல்லாம் அவர் பொறுப்பு. கையில் டெஸ்டரோடு, நெற்றியில் திருநீற்றோடு வந்தார்.

"நாந்தாம்மா வச்சேன். பொட்டியில நடுவால உருண்டையா ஒண்ணு இருந்துச்சு. சரி, பொட்டு வைக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் எடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

"நாலாம் ரூமு பெட்டிக்கு ஏன் வைக்கல?"

திருப்பதி பாசிலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது நம்ம பாசிலா சிஸ்டரு ரூமும்மா. அவங்க வேற சாமி. நம்ம பாட்டுக்குப் பொட்ட வச்சு, அது சங்கடப்பட்டுச்சுன்னா? அதான் மரியாதையா விட்டுட்டேன். சுண்டலு மட்டும் ரெண்டு பொட்டலம் குடுத்தேன்."

"குடுத்தாங்க" என்றாள் பாசிலா. "நல்லாருந்துச்சு."

இக்பால் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, எங்க வாப்பா லோடு வேனுக்கு வருஷா வருஷம் மெக்கானிக்கு பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் ஷெட்ட விட்டு எடுப்பாரு. வாப்பா பொரிகடல வாங்கிட்டு ஜம்முனு ஓட்டிட்டு வருவாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா இந்தப் பொண்ணும் நூறு மார்க் வாங்கியிருக்கும்!"

"நல்லவேளை கேக்கல" என்றாள் சொர்ணம். "கேட்டிருந்தா இந்த ஆஸ்பத்திரியில உண்மை சொல்ற மெஷினு ஒண்ணுகூட இருந்திருக்காது."

திருப்பதியின் முகம் சுண்டிவிட்டது. "நான் மரியாதைக்குச் செஞ்சது அந்தப் புள்ளை வேலைக்கே உலை வச்சிருச்சேம்மா. இப்பப் பொட்ட அழிக்கணுமா? குத்தமாயிருமே."

"அழிக்க வேணாம், எடம் மாத்துங்க. பெட்டிக்கு மேல நெத்தி இருக்கு, அங்க வைங்க. சாமி கும்புடறவங்க யாராவது கண்ணுல சந்தனத்த அப்புவாங்களா?"

ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மூன்று கண்களையும் திருப்பதியே துடைத்தார். நெற்றியில் புதுப் பொட்டு வைத்தார். நாலாம் பெட்டியின் முன் தயங்கி நின்றவரிடம், "இதுக்கும் வைங்கண்ணே, மேல வைங்க" என்றாள் பாசிலா.

சாயங்காலம் ஷிஃப்ட் மாறியது. ஷிஃப்ட் மாறினால் டி.வி.யில் எல்லோர் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். பெரியகருப்பனின் மகன் சந்தோஷ் ஊர்க்காரர்களோடு வந்து இறங்கினான். நெல் அறுப்பு மெஷின் ஓட்டுபவன். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் கனகசபை, ராஜினாமாக் கடிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவர்களை ஊர்வலமாக அழைத்து வந்தார்.

"வாங்க, எங்க சுத்தத்த நீங்களே பாருங்க" என்று ஒன்றாம் அறைக்குள் நுழைந்தார்.

பேட்ஜ் சிவந்தது. கீச்.

டாக்டர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். கீச். இரண்டாம் அறையில் நுழைந்தார். கீச். பின்னால் வந்த நர்ஸுகளின் பேட்ஜுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து கத்தின. வராந்தா முழுக்கக் கோழிக்குஞ்சுப் பண்ணையாகிவிட்டது.

சந்தோஷ் டி.வி.யை நிமிர்ந்து பார்த்தான். "டாக்டர், ஒங்க பேருக்கு நேரா முட்டை போட்டிருக்காக?"

"மெஷின் ரிப்பேர்! திருப்பதி! எங்கய்யா திருப்பதி?"

"மெஷின் பொய் சொல்லாதுன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?" என்றாள் சொர்ணம். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கண்ணில் இருந்த சந்தனத்தை, சிலந்தி வலையை, வடை தின்ன கைக்கு விழுந்த மார்க்கை, நாலு பேரும் சீழ் வைத்த பிறகே நாலாம் அறைக்கு வந்ததை, பச்சைக் கல் மோதிரத்தை. ஒன்றையும் விடவில்லை.

டாக்டருக்கு வியர்த்தது. "பொட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது!"

"தெரியாதுதான், நம்புறேன். ஒரு மாசமா ஜெல் பாட்டிலு தீரவே இல்லையேன்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. எப்டி வரும்? மார்க்குதான் நல்லா இருந்துச்சே."

டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரி, நாங்க சைபர்னே வச்சுக்குங்க. அவ மட்டும் யோக்கியமா? அவளும் அறுபத்தொண்ணுதான்!"

"ஆமா. இந்தக் கட்டடத்துல ஒரே உண்மையான நம்பரு அதுதான். அவளும் பத்துக்கு ஆறுன்னுதான் எங்கிட்ட சொன்னா. எட்டுக் கட்டிலுக்கு இன்னொரு நர்ஸப் போடுங்க, எண்பதாவும். ஃபிளெக்ஸுக்குக் குடுத்த காசுல போட்டிருக்கலாம்."

சந்தோஷ் டாக்டரின் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் கட்டிலிலிருந்து பெரியகருப்பன் குரல் கொடுத்தார். "டேய், கைய எடுடா! அவரு என் கட்ட மாத்தணும். பொழுதுக்கும் அதுக்குத்தேன் காத்துக் கெடக்கேன்."

எல்லோரும் நாலாம் அறை வாசலில் வந்து நின்றார்கள். டாக்டருக்கு வேறு வழியில்லை. பல நாள் கழித்து அந்த வாசற்படியைத் தாண்டினார். கீச். நேரே கட்டிலருகே போய்ப் போர்வையைத் தூக்கக் குனிந்தார். பெரியகருப்பன் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கழுவிட்டு வாங்க டாக்டர்."

டாக்டர் திரும்பி நடந்து வாசல் பெட்டியின் முன் நின்றார். கையிலிருந்த கடிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாசிலாவிடம் நீட்டிவிட்டு, மோதிரங்களைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்று வந்தன. பச்சைக் கல் மோதிரம் வரவில்லை. "சோப்புப் போட்டாத்தான் சார் வரும்" என்று குழாயைக் கை காட்டினார் திருப்பதி.

பாசிலா அந்தக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சீழ்த் துணி போடும் மஞ்சள் கூடையைக் காலால் மிதித்துத் திறந்து உள்ளே போட்டாள். போட்டுவிட்டு வாசலுக்குப் போய், முழங்கையால் கட்டையை அழுத்தி, நிதானமாக விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். அவள் பேட்ஜில் பச்சை எரிந்தது. ஒரு மாதமாகச் சிவப்பெழுத்தில் கிடந்த பெயர் டி.வி.யில் மேலே ஏறி முதல் வரியில் நின்றது. அதைப் பார்த்து அவள் அழுதாள், இந்த முறை துடைத்துக்கொள்ளக் கை இருந்தது.

சொர்ணமும் இக்பாலும் மழை விட்டிருக்கும்போதே கிளம்பினார்கள். வாசல் படியில் டாக்டர் ஓடி வந்து பிடித்தார். முகத்தில் பழைய ஃபிளெக்ஸ் சிரிப்பு திரும்பியிருந்தது.

"மேடம், பாசிலா விஷயத்த நான் விட்டுட்டேன். கவுன்சில் புகாரும் கெடையாது. நீங்க ரிப்போர்ட்ட மட்டும் கொஞ்சம் பாத்து எழுதுங்க. நம்ம ஆஸ்பத்திரி பேரு இருக்குல்ல?"

சொல்லிக்கொண்டே, நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம் என்று வலது கையை நீட்டினார். கட்டு மாற்றிய கை. அவசரத்தில் அறையை விட்டு வரும்போது பெட்டியைத் தொடாமலே வந்துவிட்டார் போலிருக்கிறது, பேட்ஜ் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

இக்பால் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டான்.

சொர்ணம் நீட்டிய கையைப் பார்த்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினாள்.

"கும்புட்டுக்குவோம் டாக்டர்."